ஆயாம்மா பேசுறாங்க, ஆனா படம் வரலையே!

கணினிப் பக்கம் - எழுதுவது: 11-ஆம் வகுப்பு மாணவி

இந்த முறை கணினிப் பக்கம் என் பொறுப்பு. "சுவரிதழில் தமிழ் எழுத்து மட்டும்தான்" என்று தமிழ் ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கட்டளைகளின் பெயரை உச்சரிப்பு வரும்படி எழுதியிருக்கிறேன். சரியான எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதி, கணினி அறையில் மூன்றாவது மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். வேண்டியவர்கள் அங்கே வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் சத்துணவுக் கூடத்து ஆயாம்மா போன மாதம் ஓய்வு பெற்றது எல்லாருக்கும் தெரியும். 26 வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் மைக் பிடித்தார்கள். அதைக் கணக்கு சார் தன் புது போனில் 7 நிமிடம் எடுத்தார். விழா முடிந்து சமையல்கூடத்துக்குப் போனதும், சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து, தான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கதையைச் சொன்னார்கள். அதை 12-ஆம் வகுப்பு அக்கா ஒருவரின் அப்பா தன் பழைய போனில் எடுத்தார். அதுவும் ஒரு 7 நிமிடம்.

திங்கட்கிழமை மதியம் கணினி அறையில் புரொஜெக்டர் வைத்துப் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. ஆயாம்மா பேரனைக் கூட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வீடியோவைத் தட்டினோம். குரல் கணீரென்று வருகிறது, திரை கன்னங்கறேல்னு இருக்கு. இரண்டாவதைத் தட்டினோம். அது திறக்கவே இல்லை. "லினக்ஸ்னா இப்படித்தான். ஃபார்மட் பண்ணிட்டு வேற போட்டாத்தான் சரிப்படும்" என்று ஓர் அண்ணன் பின்னாலிருந்து சொன்னார். ஆயாம்மா மட்டும், "பரவால்ல கண்ணு, சத்தம் கேக்குதுல்ல, அது போதும்" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்கள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. காரணம் என்னவென்று பின்னால் சொல்கிறேன்.

கணினி ஆசிரியையும் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்து மூன்று நாள் போராடியதில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். முதலில் தெரிந்துகொண்டது: இரண்டு வீடியோவுக்கும் ஒரே நோய் இல்லை. ஒன்றுக்குத் தலைவலி, இன்னொன்றுக்குக் கால் முறிவு. இரண்டுக்கும் ஒரே மாத்திரை கொடுக்கப் பார்த்தோம், அதுதான் தப்பு.

சரி, வீடியோ ஃபைல் என்றால் என்ன? ஒரு டிபன் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடுக்கில் படம், ஓர் அடுக்கில் ஒலி, சில சமயம் மூன்றாவது அடுக்கில் வசன வரிகள். ஃபைல் பெயருக்குப் பின்னால் வரும் எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. என்பதெல்லாம் கேரியரின் மாடல் பெயர் மட்டுமே. இதைக் கன்டெய்னர் என்கிறார்கள். கேரியரைப் பார்த்து உள்ளே சாம்பாரா ரசமா என்று சொல்ல முடியுமா? முடியாது. அதேபோல 'எம்.பி.4' என்று பெயர் இருப்பதால் மட்டும் அது ஓடும் என்று சொல்ல முடியாது. பெயரை மாற்றி எழுதினால் ஓடும் என்று ஒருத்தன் பின்னொட்டை மாற்றிப் பார்த்தான். கேரியர் மூடியில் 'பாயசம்' என்று எழுதிவிட்டால் உள்ளே இருக்கும் ரசம் பாயசம் ஆகிவிடுமா?

அடுக்குக்குள் இருப்பதை எப்படிச் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கோடெக். ஏன் சுருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. முழு எச்.டி. படம் ஒன்றில் 1920 x 1080 = 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்துக்கு 3 பைட். ஆக ஒரு படத்துக்கு 62,20,800 பைட். நொடிக்கு 30 படம். அப்படியானால் ஒரு நொடிக்கே சுமார் 186 எம்.பி.! ஆயாம்மா பேசிய 7 நிமிடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், சுமார் 78 ஜி.பி. வரும். எந்தப் பென் டிரைவில் கொள்ளும்?

அதனால்தான் நம் வீட்டில் கத்தரிக்காயை, சுண்டைக்காயை வெயிலில் காயவைத்து வற்றல் போடுவதுபோல, படத்தையும் வற்ற வைக்கிறார்கள். எப்படி என்றால், முதல் படத்தை முழுசாக வைத்துக்கொண்டு, அடுத்த படங்களில் எது மாறியதோ அதை மட்டும் குறித்துக்கொள்கிறது. ஆயாம்மாவின் கையும் வாயும் அசைகின்றன, பின்னால் இருக்கும் சுவர் அசையவில்லை. சுவரை நொடிக்கு 30 தடவை எதற்குத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும்? கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மறுபடி ஒரு முழுப் படம் வரும். வீடியோவை நடுவில் இழுத்துப் போகும்போது படம் சில சமயம் சிதைந்து கட்டம் கட்டமாகத் தெரிந்து பிறகு தெளிகிறதே, அடுத்த முழுப் படம் கிடைக்கும்வரை அந்தத் தடுமாற்றம்.

வற்றலைத் திரும்ப ஊறவைக்கத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா? போட்ட முறை ஒன்று, ஊறவைக்கிற முறை வேறு என்றால் வேகாது. சுருக்கும் முறைகள் பல. 2003-இல் வந்த எச்.264, 2013-இல் வந்த எச்.265 (இதற்கே ஹெச்.இ.வி.சி. என்றும் பெயர்), 2018-இல் வந்த ஏ.வி.1 என்று வரிசையாக இருக்கின்றன. ஒலிக்கு எம்.பி.3, ஏ.ஏ.சி., ஓபஸ் என்று தனி முறைகள்.

இப்போது நம் வீடியோவுக்கு வருவோம். ஃபைல் என்ன என்று ஃபைலிடமே கேட்கலாம் என்பது எங்களுக்கு இரண்டாம் நாள்தான் தெரிந்தது. எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் இருக்கிறது. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 2000-இல் தொடங்கியது. உலகத்தில் பாதி வீடியோ மென்பொருள்களின் அடிவயிற்றில் இதுதான் இருக்கும். அதோடு எஃப்எஃப்புரோப் என்று ஒரு சின்னக் கட்டளை வரும். டெர்மினலில் அந்தப் பெயரை எழுதி, பக்கத்தில் ஃபைலின் பெயரைப் போட்டு என்டர் தட்டினால், எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும். டெர்மினல் என்றால் பயமாக இருக்கிறவர்கள் மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம், அது ஜன்னலிலேயே காட்டும்.

கணக்கு சார் எடுத்த வீடியோவுக்கு வந்த பதில்: படம் ஹெச்.இ.வி.சி., 1920 x 1080. ஒலி ஏ.ஏ.சி. அவ்வளவுதான், முடிச்சு அவிழ்ந்துவிட்டது. ஏ.ஏ.சி.யை ஊறவைக்கும் மென்பொருள் நம் கணினியில் இருந்தது, அதனால் குரல் வந்தது. ஹெச்.இ.வி.சி.க்கானது இல்லை, அதனால் படம் வரவில்லை. ஃபைலும் நன்றாக இருக்கிறது, கணினியும் நன்றாக இருக்கிறது. ஃபார்மட் பண்ணியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது, நம் 10-ஆம் வகுப்பு புராஜெக்ட் எல்லாம் போயிருக்கும்.

"ஏன் மிஸ், லினக்ஸ்காரங்களுக்கு அதைச் சேர்த்துக் கொடுக்கத் தெரியாதா?" என்று கேட்டேன். தெரியும், கொடுக்கத் தயங்குகிறார்கள் என்றார் மிஸ். எச்.264, ஹெச்.இ.வி.சி. போன்ற முறைகளுக்குப் பல கம்பெனிகள் காப்புரிமை வாங்கி வைத்திருக்கின்றன. இலவசமாக உலகம் பூராவும் கொடுக்கப்படும் ஒரு லினக்ஸ், ஒவ்வொரு பிரதிக்கும் யாருக்குக் காசு கட்டும்? நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, கணினி நிரல் என்பதை அதுவாக மட்டும் வைத்துப் பார்த்தால் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. ஆனால் எல்லா நாட்டுச் சட்டமும் ஒன்றுபோல இல்லை. அதனால் சில லினக்ஸ்காரர்கள் வம்பே வேண்டாம் என்று அந்தக் கோடெக்குகளை விட்டுவிட்டுத் தருகிறார்கள். எம்.பி.3-க்கும் இதே பாடுதான் பல வருஷம் இருந்தது. 2017-இல் அதன் உரிமத் திட்டம் முடித்துக்கொள்ளப்பட்ட பிறகுதான் எல்லாரும் நிம்மதியாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஏ.வி.1 என்பதை உரிமக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தவேண்டும் என்றே பல கம்பெனிகள் கூடிச் செய்தன.

இங்கே ஒரு சுவையான விஷயம். லினக்ஸ் மேசைக்கணினிகளில் ஜிஸ்ட்ரீமர் என்று ஒன்று இருக்கும். அதன் கோடெக் பொட்டலங்களுக்கு வைத்திருக்கும் பெயரைக் கேளுங்கள்: நல்லது, கெட்டது, அசிங்கமானது! பழைய கௌபாய் படம் ஒன்றின் பெயரிலிருந்து எடுத்தது. 'கெட்டது' என்றால் இன்னும் முழுசாகச் சரிபார்க்கப்படாதது. 'அசிங்கமானது' என்றால் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் உரிமச் சிக்கல் வரலாம். பெயரைப் பார்த்துப் பயந்து அதை அழித்துவிடாதீர்கள்.

மருந்து எளிது. உபுண்டு என்றால் 'உபுண்டு ரெஸ்ட்ரிக்டெட் எக்ஸ்ட்ராஸ்' என்ற பொட்டலத்தை நிறுவ வேண்டும். ஃபெடோரா என்றால் 'ஆர்.பி.எம். ஃப்யூஷன்' என்ற களஞ்சியத்தையும், ஓப்பன்சூசே என்றால் 'பேக்மேன்' என்ற களஞ்சியத்தையும் முதலில் சேர்த்துக்கொண்டு அங்கிருந்து எடுக்க வேண்டும். "வி.எல்.சி. போடு, எல்லாம் ஓடும்" என்று சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் சில லினக்ஸ் வகைகள் தங்கள் களஞ்சியத்தில் வி.எல்.சி.யையும் அந்தக் கோடெக்குகளைக் கத்தரித்துவிட்டுத்தான் தருகின்றன. போட்டும் ஓடவில்லை என்றால் வி.எல்.சி.யைத் திட்டாதீர்கள், அதற்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

வி.எல்.சி.யைச் செய்தது யார் தெரியுமா? மாணவர்கள்! 1996-இல் பாரிஸ் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள், தங்கள் வளாகத்தில் நெட்வொர்க் வேகம் போதாது என்று வேறொன்று கேட்டார்கள். அதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டியிருந்தது. நெட்வொர்க் வழியாக வீடியோ அனுப்பிப் பார்க்கும் திட்டத்தைக் கையில் எடுத்தார்கள். 2001-இல் கல்லூரி அனுமதியோடு அதைத் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டார்கள். புராஜெக்ட் என்றால் தெர்மாகோலும் ஃபெவிகாலும்தான் என்று நினைக்கிற நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும்.

கோடெக் போட்டாச்சு. படம் வந்தது. கைதட்டினோம். ஆனால் ஒரு நிமிடத்தில் கைதட்டல் நின்றுவிட்டது. ஆயாம்மா பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது, படம் நொண்டி நொண்டி வருகிறது. குரல் ஒரு வாக்கியம் முன்னால், வாய் ஒரு வாக்கியம் பின்னால். டாப் என்ற கட்டளையைப் போட்டுப் பார்த்தால் பிராசசர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

வற்றலை ஊறவைக்கக் கணினிக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பிராசசரே கையால் செய்வது. இன்னொன்று, திரையைக் கவனிக்கும் சிப்புக்குள் இதற்கென்றே இருக்கும் தனிப் பகுதியிடம் விடுவது. அம்மியில் அரைப்பதற்கும் கிரைண்டரில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம். உங்கள் கிரைண்டர் எதையெல்லாம் அரைக்கும் என்று பார்க்க விஏஇன்ஃபோ என்ற கட்டளை இருக்கிறது. நம் கணினி 2012-ஆம் வருஷத்து இன்டெல் சிப். பட்டியலில் எச்.264 இருந்தது, ஹெச்.இ.வி.சி. இல்லை. இருக்கவும் முடியாது, அந்த முறையே 2013-இல்தான் வந்தது! இன்டெல் சிப்புகளில் 2015-இல் வந்த ஸ்கைலேக் தலைமுறையிலிருந்துதான் அது முறையாகக் கிடைக்கிறது. இது எந்த மென்பொருள் போட்டாலும் தீராது.

அதனால் வற்றலை ஒரு தடவை ஊறவைத்து, நம் கிரைண்டருக்குத் தெரிந்த முறையில் மறுபடி காயவைத்தோம். அதாவது எஃப்எஃப்எம்பெக் கொண்டு எச்.264-க்கு மாற்றினோம். ஒலி அடுக்கைத் தொடவில்லை, அப்படியே நகல் எடுக்கச் சொன்னோம். 7 நிமிட வீடியோவுக்கு 40 நிமிடம் ஆனது. இப்போது தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் படத்தின் தெளிவு கொஞ்சம் குறையும். மூல ஃபைலை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

இனி இரண்டாவது வீடியோ. இதைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

எஃப்எஃப்புரோப் கேட்டதற்கு ஒரே வரியில் பதில் வந்தது: 'மூவ் ஆட்டம்' காணோம். எம்.பி.4 கேரியருக்குள் மூன்று முக்கியமான பெட்டிகள் இருக்கும். முதலில் 'நான் இன்ன வகை' என்று சொல்லும் சின்னப் பெட்டி. பிறகு படமும் ஒலியும் கலந்து கிடக்கும் பெரிய பெட்டி. அப்புறம் 'மூவ்' என்ற பெட்டி, இது பொருளடக்கம் மாதிரி. எந்தப் படம் எந்த இடத்தில் தொடங்குகிறது, எத்தனையாவது நொடியில் காட்ட வேண்டும், எந்தக் கோடெக் என்பதெல்லாம் இதில்தான் இருக்கும். பல போன்கள் இதைக் கடைசியில்தான் எழுதும். எடுத்து முடித்தால்தானே எத்தனை படம் என்று தெரியும்! ஆகவே ஃபைலின் வால் வெட்டுப்பட்டால் போவது கடைசி நிமிடம் மட்டும் இல்லை, மொத்தமும் திறக்காது. எம்.கே.வி. கேரியர் இதில் கொஞ்சம் கெட்டி, வால் போனாலும் இருக்கிறவரை பெரும்பாலும் ஓடிவிடும்.

வால் எப்படிப் போனது? அக்காவின் அப்பா தன் போனைக் கணினியில் மாட்டி, பென் டிரைவுக்கு நகல் எடுக்கச் சொன்னார். பச்சைக் கோடு நிறைந்தது. "முடிஞ்சுருச்சு அங்கிள்" என்று சொல்லிப் பென் டிரைவைப் பிடுங்கியது நான்தான். முடியவில்லை. லினக்ஸ் நகல் எடுக்கும்போது முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும், பிறகு மெதுவாகத்தான் பென் டிரைவில் எழுதும். பென் டிரைவ் மந்தமானது என்றால் கோடு நிறைந்த பிறகும் எழுதிக்கொண்டே இருக்கும். 'பாதுகாப்பாக வெளியேற்று' என்பதைத் தட்டி, எடுக்கலாம் என்று அது சொன்ன பிறகுதான் எடுக்க வேண்டும். அல்லது சிங்க் என்ற கட்டளையைப் போட்டு, அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். நான் பேச்சை நம்பி அவர் போனில் இடம் வேண்டும் என்று அங்கேயே அழித்துவிட்டார். போனில் 890 எம்.பி. என்று இருந்தது அக்காவுக்கு நினைவிருந்தது. பென் டிரைவில் இருப்பது 520 எம்.பி. இந்த இரண்டு எண்ணையும் அன்றைக்கே ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் அழித்திருக்கவே மாட்டார்.

மிஸ் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பொருளடக்கம் போனாலும் பெரிய பெட்டியில் பாதிக்கு மேல் இருக்கிறதே என்று மிஸ் தேடியதில், அன்ட்ரங்க் என்ற ஒரு திறந்த மூல மென்பொருள் கிடைத்தது. பக்க எண் இல்லாமல் சிதறிக் கிடக்கும் தாள்களை, அதே ஆள் எழுதிய இன்னொரு நோட்டைப் பார்த்து அடுக்குவது போன்ற வேலை அது செய்வது. அதற்கு அதே போனில், அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று வேண்டும். அக்காவின் அப்பா அந்தப் போனில் தங்கள் வீட்டுக் கன்றுக்குட்டியை 20 நொடி எடுத்துக் கொடுத்தார். மூலநிரலை இறக்கித் தொகுக்கவே ஒரு மதியம் ஆனது. இரண்டு தடவை பிழை காட்டியது. மூன்றாவது தடவை சமையல்கூடம் திரையில் வந்தது. கன்றுக்குட்டி புண்ணியத்தில் 7 நிமிடத்தில் சுமார் 4 நிமிடம் திரும்பக் கிடைத்தது.

இதோடு சேர்த்து இரண்டு சின்ன விஷயம். புரொஜெக்டரை மாட்டியதும் ஒலி போய்விட்டால் கோடெக்கைத் தேடாதீர்கள். ஹெச்.டி.எம்.ஐ. வயர் வழியாக ஒலி புரொஜெக்டருக்குப் போயிருக்கும், அமைப்புகளில் ஸ்பீக்கரை மாற்றித் தேர்ந்தெடுத்தால் போதும். தமிழ் வசன வரிகள் கட்டம் கட்டமாக வந்தால் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம், லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள். கட்டமாக இல்லாமல் கிறுக்கலாக வந்தால் அந்த வரிகள் யூனிகோடு வருவதற்கு முந்தைய பழைய குறியீட்டில் இருக்கலாம், முதலில் அதை மாற்ற வேண்டும்.

வரும் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு வீடியோவையும் கணினி அறையில் போடுகிறோம். ஆயாம்மா வருகிறார்கள். இரண்டாவது வீடியோ, முதல் நாள் சாப்பிட மாட்டேன் என்று அழுத பிள்ளையின் பெயரைச் சொல்லப் போகிற இடத்தில் அறுந்துவிடுகிறது. அன்றைக்குச் சமையல்கூடத்தில் வேறு யாராவது வீட்டுப் போனில் எடுத்திருந்தால், ஒரு நிமிடம் இருந்தாலும், வியாழக்கிழமைக்குள் கணினி அறையில் மிஸ்ஸிடம் கொடுங்கள். போனிலிருந்து எதையும் அழிக்காமல் கொண்டு வாருங்கள். பென் டிரைவை மிஸ்ஸே கழற்றுவார்.